மலை ஏற்றமும் பற்சக்கரமும்



மிதிவண்டிப் பந்தயம் என்றதும் வேகமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஐரோப்பாவின் பெரும் பந்தயங்களில் வெற்றி தோல்வி முடிவாகும் இடங்கள் பெரும்பாலும் வேகம் குன்றும் இடங்களே. செங்குத்தான மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்து செல்லும்போதுதான் ஒருவன் முந்துகிறான்; மற்றொருவன் பின்தங்குகிறான். அவ்விடத்திற்கு எத்தகைய பற்சக்கரங்களோடு செல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். பாதி மலையில் வருந்திப் பயனில்லை.

நெடுங்காலம் கணக்கு ஆசிரியனாகப் பணியாற்றியவன் நான். தலைமையாசிரியனான பின்னரும் விகிதக் கணக்கைப் பிறரிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வந்ததில்லை. இப்பொருளையும் அவ்வழியிலேயே அணுகுகிறேன்.

பெடலோடு இணைந்த முன்சக்கரத்தில் 39 பற்கள், பின்னால் உள்ளதில் 25 பற்கள் என்று கொள்வோம். பெடல் ஒருமுறை சுழன்றால் பின்னுருளி 1.56 முறை சுழலும். பந்தய வண்டியின் உருளிச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். ஆகவே ஒரு சுழற்சிக்கு வண்டி சுமார் 3.28 மீட்டர் செல்லும். முன்னும் பின்னும் 34 பற்களே இருப்பின் ஒரு சுழற்சிக்கு 2.1 மீட்டர் மட்டுமே செல்லும். முன்னது கனத்த கியர். பின்னது இலேசான கியர். கியர் என்பதன் பொருள் இவ்வளவே.

இலேசான கியரை நாடுவது ஆண்மைக்கு இழுக்கு என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. 1903இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கி வைத்த ஹென்றி தெக்ராஞ்ச், ஓடும்போதே மாற்றத்தக்க கியர்களைத் தம் பந்தயத்தில் அனுமதிக்கவில்லை. 45 வயதைக் கடந்தவர்களுக்கே அவை வேண்டும் என்பது அவர் கருத்து. (அவ்வயதை எப்போதோ கடந்துவிட்ட என் போன்றோர் அவருக்கு நன்றி கூறலாம்!) சேந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்த, வெலோசியோ என்னும் புனைபெயர் கொண்ட பால் தெ விவி இதற்கு நேர்மாறாக, கியர் மாற்றத்தின் நன்மையை ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தார். ஆயினும் 1937இல்தான் டூர் பந்தயம் இவ்வமைப்புக்கு இடமளித்தது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்னுருளியைக் கழற்றித் திருப்பி, மறுபுறமுள்ள பெரிய பற்சக்கரத்தில் சங்கிலியை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். உச்சியில் மீண்டும் அதே வேலை!

1910இல் பிரனீசு மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்கள் முதன்முறையாகப் பந்தயப் பாதையில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயில் ஆக்டேவ் லாபீஸ் என்னும் வீரர் சில இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். குஸ்தாவ் காரிகு என்பவரோ இறங்காமலே ஏறி, அதற்கென 100 பிராங்கு பரிசு பெற்றார். அன்றைய கட்டத்தையும் அவ்வாண்டின் பந்தயத்தையும் வென்றவர் யார் தெரியுமா? நடந்த லாபீஸ்தான். கியர் கனமாக இருந்தால் மிதித்து ஏறுவதற்கும் நடந்து ஏறுவதற்கும் காலக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லாமற் போகிறது.

ஏன் அவ்வாறு? இன்றைய எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு பார்ப்போம். ஸ்பெயினில் ஆங்லிரு என்னும் மலை உண்டு. 1999 முதல் அந்நாட்டின் வுவெல்டா பந்தயத்தில் இடம்பெற்று வருகிறது. ஏற்றத்தின் நீளம் சுமார் 12.5 கிலோமீட்டர், சராசரிச் சரிவு ஏறத்தாழ நூற்றுக்கு 10. ஆனால் சராசரியை நம்பிக் கியரைத் தேர்ந்தெடுத்தவன் கெட்டான். மேற்பகுதியில் ஓரிடத்தில் சரிவு நூற்றுக்கு 23க்கும் மேல் எழுகிறது. அதுவும் கால்கள் களைத்த பிறகே எதிர்ப்படுகிறது.

வீரனும் வண்டியும் சேர்ந்து 75 கிலோ. வீரன் இடைவிடாது 300 வாட் ஆற்றல் அளிக்கிறான். காற்றையும் உராய்வையும் ஒதுக்கிவிட்டால், அவ்வாற்றல் 75 கிலோவை வினாடிக்கு 41 சென்டிமீட்டர் உயர்த்தும். நூற்றுக்கு 20 சரிவுள்ள பாதையில் 41 சென்டிமீட்டர் உயர, சுமார் 2.08 மீட்டர் பாதையைக் கடக்க வேண்டும். அதாவது நிமிடத்திற்கு 125 மீட்டர், மணிக்கு 7.5 கிலோமீட்டர். 39க்கு 25 என்ற கியரில் இவ்வேகத்திற்கு நிமிடத்திற்கு 38 சுழற்சிகளே கிடைக்கும். 34க்கு 34 ஆனால் 59 கிடைக்கும்.

வேகம் ஒன்றே, ஆற்றலும் ஒன்றே. பின் என்ன வேறுபாடு என்று வினவுவீர்கள். வேறுபாடு விசையில் இருக்கிறது. 17 சென்டிமீட்டர் நீளமுள்ள பெடல் தண்டைச் சுழற்ற, முதற் கியரில் சராசரியாக 45 கிலோ எடைக்கு நிகரான விசை தேவை. இரண்டாவதில் 29 கிலோ போதும். கடும் விசை தேவைப்படும்போது, விரைவில் களைத்துவிடும் இயல்புள்ள தசைநார்களும் வேலைக்கு இழுக்கப்படுகின்றன. தசையில் சேமித்த சர்க்கரைப் பொருளும் விரைந்து கரைகிறது. அரைமணி நேரம் இவ்வாறு அழுத்தியவனிடம், உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் எதிரி பாய்ந்து செல்லும்போது பதில் பாய்ச்சலுக்கு ஒன்றும் மிஞ்சியிராது.

1990களில் தொழில்முறை வீரர்கள் மலைகளுக்கு 39க்கு 25 போன்ற கியர்களையே பெரிதும் நம்பினர். இன்றோ பின்னால் 30, 34 பற்கள் கொண்ட சக்கரங்களை மாட்டிக்கொள்ள முன்னணி வீரரும் கூசுவதில்லை. இது கணக்கின் வெற்றி என்றே நான் கருதுகிறேன்.

எனினும், மிகப் பெரிய பற்சக்கரத்தை எப்போதும் மாட்டிவிடலாமே எனில், அதற்கும் விலை உண்டு. பின்னால் அடுக்கப்படும் சக்கரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. 11 முதல் 34 பற்கள் வரை பரப்பினால் இடையில் தாவல்கள் பெரிதாகும். 23இலிருந்து 25க்கு மாறுவது சிறு படி. 30இலிருந்து 34க்கு மாறுவது நூற்றுக்கு 13 அளவான பெரும்படி. கூட்டத்தோடு சமவெளியில் விரைகையில் பொருத்தமான சுழற்சி வேகம் அகப்படாமல் கால் தடுமாறும். எடையும் சிறிது கூடும், அது பொருட்படுத்தத்தக்கதன்று.

பெல்ஜியத்தின் கொப்பென்பெர்க் குன்றில் நிலைமை வேறு. 600 மீட்டர்தான் நீளம். ஆனால் கல் பாவிய குறுகிய பாதை, நூற்றுக்கு 22 வரை சரிவு. ஈரக் கல்லில் எழுந்து நின்று மிதித்தால் பின்னுருளி வழுக்கும். இலேசான கியர் இருந்தால் இருக்கையில் அமர்ந்தபடியே ஏறலாம். உடலின் எடை பின்னுருளியை அழுத்திப் பிடிக்கும். ஆயினும் முன்னே செல்பவன் ஒருவன் கால் ஊன்றிவிட்டால், பின்னால் வருபவர் அனைவரும் இறங்கி நடக்க வேண்டியதுதான். அங்கே குன்றின் அடியில் முன்வரிசையில் இடம்பிடிப்பதே பெரிய கியர்!

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் சோன்கோலான் மலையில் ஒவாரோ ஊரிலிருந்து ஏறும் வழியில் சரிவு நூற்றுக்கு 22 வரை செல்கிறது. வீரனும் வண்டியும் 72 கிலோ. ஆற்றல் 320 வாட். முன்சக்கரம் 34 பற்கள். நிமிடத்திற்கு 60 சுழற்சிகளுக்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறான். பின்னால் மாட்ட 30, 34, 36 பற்கள் கொண்ட மூன்று சக்கரங்கள் உங்கள் கையில் உள்ளன. நான் ஒதுக்கிய உராய்வை நீங்கள் ஒதுக்காமல் கணக்கிட்டு, எதை மாட்டி அனுப்புவீர்கள் என்று பாருங்கள்.