பச்சை குத்திய கையும் வேலைவாய்ப்பும்
(அத்திப்பட்டில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு என் முன்னாள் மாணவன் ஒருவன் பள்ளிக்கு வந்திருந்தான். எழுத்துத் தேர்வு, ஓட்டம் இரண்டிலும் தேறியவனை, சீருடைப் பணி ஒன்றின் மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம், வலது முன்கையில் பச்சை குத்தியிருந்த அம்மாவின் பெயர். ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் திருவிழாக் கடையில் குத்திக்கொண்டது. "சார், முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றான். அந்தக் கையை மூன்று ஆண்டு வகுப்பில் பார்த்தவன் நான். "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கடிந்துகொண்டதோடு சரி. விதி எனக்கே தெரியாது.

பிறகுதான் தேடிப் படித்தேன். மத்திய ஆயுதக் காவல் படைகளின் மருத்துவ விதிகளில் பெயருக்கும் மதச் சின்னத்துக்கும் தடையில்லை. ஆனால் இடம் முக்கியம். முன்கையின் உட்புறம் என்றால் இடது கை மட்டுமே. அது சல்யூட் அடிக்காத கை. புறங்கையிலும் இருக்கலாம். அளவு அந்த உறுப்பின் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். இராணுவத்திலும் முன்கையின் உட்புறம், புறங்கை என்று இடவரையறை உண்டு. பழங்குடியினரின் மரபுக்குத் தனிச் சலுகை தருகிறார்கள். என் மாணவனின் அம்மா பெயரில் குற்றமில்லை, கைதான் மாறிப்போயிற்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் பாட்டிமார் கையில் கோலமும் தேளும் பச்சையாக இருந்தன. குறவர் சமூகப் பெண்கள் தெருத் தெருவாக வந்து குத்திவிட்டார்கள். அந்தக் கைகள் நாற்று நட்டன, மீன் விற்றன, நம்மை வளர்த்தன. யாரும் அவற்றைக் குறை சொல்லவில்லை. அதே பச்சை இன்று ஒரு பையன் கையில் இருந்தால் 'ரவுடி' என்கிறோம். அவன் வடசென்னைப் பையன் என்றால் கேட்கவே வேண்டாம்.

நம் ஊர் பிள்ளைகள் அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகங்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே தேவை தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, கவனம். கையில் உள்ள பெயர் கிரேனை ஓட்டுவதில்லை. பிறரை இழிவுபடுத்தும் படமோ சொல்லோ என்றால் நிறுவனம் தடுக்கலாம், அது நியாயம். மற்றபடி வேலைத்திறனைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் என் கருத்து மருத்துவக் குழுவின் முன் செல்லாது. விதி இருக்கும்வரை அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, எட்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே இந்த விதிகளைச் சொல்லுங்கள். அந்தந்த ஆண்டு அறிவிக்கையைப் படித்துக் காட்டுங்கள். இரண்டு, ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவலாம் என்பதையும், பச்சை குத்தினால் 12 மாதங்களுக்கு இரத்ததானம் செய்ய இயலாது என்பதையும் அறிவியல் பாடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று, ஏற்கெனவே குத்திக்கொண்ட பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தித் திட்டாதீர்கள். தனியே அழைத்து, "என்ன வேலைக்குப் போக ஆசை?" என்று கேளுங்கள்.

அந்த மாணவன் இப்போது மீஞ்சூர்ப் பக்கம் கன்டெய்னர் கிடங்கில் வேலை செய்கிறான். லேசர் சிகிச்சைக்குப் பணம் சேர்க்கிறான். பல முறை போக வேண்டும், தழும்பும் தங்கலாம். வயது வரம்புக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் நான் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.