வாசல் அழகாயிடுச்சு, வீடு பிழைச்சுதா?

இன்னைக்குப் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசலாம். அதன் அழகைப் பற்றி இல்ல, அதுக்குப் போகிற பணத்தைப் பற்றி. ஒரு பழைய வீட்டைக் காப்பாற்ற அரசாங்கமோ, ஏதோ ஒரு நிதியமோ பணம் கொடுக்கிறது. பத்து வருஷம் கழித்து அந்தப் பணம் வேலை செய்ததா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? திட்டங்களை மதிப்பீடு செய்வது என் தொழில். அதனால இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் ஓவராவே பிடிக்கும். போரடிக்காம சொல்லப் பார்க்கிறேன்.

நமக்குத் தெரிந்த ஊரையே எடுத்துக்கலாம். புதுச்சேரி. வீக்எண்டுக்குப் போய் மஞ்சள் சுவர் முன்னாடி நின்னு போட்டோ எடுக்காதவங்க நம்மில் ரொம்பக் கம்மி. அந்த மஞ்சள் சுவர்கள் பெரும்பாலும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம், பிரெஞ்சுப் பகுதியில் இருக்கின்றன. வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழர் பகுதி. அங்கே வீடு வேற மாதிரி. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். அதை அடுத்துத் திண்ணை. செதுக்கிய கதவு, உள்ளே முற்றம். சில வீடுகளில் கீழே தமிழ், மாடியில் வளைவு ஜன்னல்களோட பிரெஞ்சு. உலகத்தில் வேற எங்கேயும் இப்படி ஒரு கலவையைப் பார்ப்பது கஷ்டம்.

1990-களின் நடுவில் இன்டாக் அமைப்பு புதுச்சேரியில் கணக்கெடுத்து, பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் என்று சுமார் 1,800-ஐப் பட்டியலிட்டது. அடுத்த பதினைந்து வருஷத்துக்குள்ள அதில் 600-க்கும் மேல் காணாமல் போய்விட்டன. அதிகம் அடிபட்டது தமிழர் பகுதிதான். காரணம் ஒண்ணும் மர்மம் இல்ல. தாத்தா கட்டின வீட்டுக்கு இன்னைக்கு எட்டுப் பங்காளிகள். நிலத்தோட விலை வீட்டோட விலையை எப்பவோ தாண்டிடுச்சு. இடிச்சுட்டு நாலு மாடி கட்டினால் ஆளுக்கு ஒரு போர்ஷன் கிடைக்கும். முற்றத்தை எட்டாகப் பிரிக்க முடியாது, பாருங்க.

இந்த நிலைமையில்தான் 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டம் வந்தது. இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ நகரமும் கூட்டாளிகள். தமிழர் பகுதியில் வைசியாள் வீதியை மாதிரித் தெருவாக எடுத்தார்கள். கால்வே சுப்பராய செட்டி வீதி என்று போர்டில் பார்த்திருப்பீங்க, அதேதான். வீட்டுக்காரர் ஒரு பங்கு போட வேண்டும், திட்டம் ஒரு பங்கு போடும். தெருவைப் பார்த்த முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் ஒன்று இந்தத் தெருவுக்குக் கிடைத்தது. போய் நின்னு பாருங்க, விருதுக்குத் தகுதியான தெருதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்ல.

ஆனால் விருது வேற, விளைவு வேற.

இந்த மாதிரித் திட்டங்களின் அறிக்கையில் முதலில் வருவது எண்ணிக்கை. இத்தனை முகப்பு, இத்தனை சதுர அடி, இத்தனை ரூபாய். எண்ணுவது சுலபம். கேட்க வேண்டிய கேள்வி வேற: இந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் அந்த வீடு என்ன ஆகியிருக்கும்? வசதியான ஒரு குடும்பம் எப்படியும் சுண்ணாம்பு அடிக்கத்தான் போகிறது, அதில் பாதியை நாம் கொடுத்தோம் என்றால், வீட்டைக் காப்பாற்றியது நம் பணம் இல்ல. அவங்களுக்குச் செலவு குறைஞ்சுது, அவ்வளவுதான்.

பங்குப் பணம் போடச் சொல்லும் திட்டங்களில் இந்தச் சிக்கல் உள்ளேயே இருக்கிறது. யார் உள்ளே வர முடியும்? கையில் காசு இருப்பவர், பத்திரம் ஒரே பெயரில் இருப்பவர், உரிமையாளர்கள் எல்லாரும் ஒத்துப்போகும் வீடு. யார் வர முடியாது? அந்த எட்டுப் பங்காளி வீடு. அதில் ஒருத்தர் பிரான்ஸ்ல இருப்பார், புதுச்சேரியில் இது சர்வசாதாரணம். இரண்டு பேர் கோர்ட்டில் இருப்பாங்க. கையெழுத்தே வாங்க முடியாது. ஆக, விழுந்துவிடும் ஆபத்து எந்த வீட்டுக்கு அதிகமோ, அதுக்குத்தான் நிதி போய்ச் சேருவது கஷ்டம். சீரமைத்த வீடுகளையும் சீரமைக்காத வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பார்த்தீங்களா, திட்டத்தில் சேர்ந்தது எல்லாம் நிற்குது" என்று சொல்வதில் பெரிய ஓட்டை இதுதான். அவை முதலிலிருந்தே வேற மாதிரி வீடுகள்.

இங்கிலாந்தில் இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்து பார்த்தார்கள். லாட்டரிப் பணத்தில் 1998-ல் ஒரு திட்டம் தொடங்கியது. நொடித்துப்போன பழைய கடைத்தெருக்களைச் சீரமைக்கும் திட்டம். ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேலை தொடங்கும்போதே நிலைமையைப் பதிவு செய்து, வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். தெருக்கள் பார்க்க மேம்பட்டது தெளிவாகத் தெரிந்தது. வியாபாரம், வேலை, மக்கள் வாழ்க்கை என்று வரும்போது மாற்றம் அடக்கமாகத்தான் இருந்தது. அதையும் இந்தத் திட்டத்தால்தான் என்று பிரித்துச் சொல்வது கஷ்டமாக இருந்தது. நடுவில் 2008 பொருளாதார மந்தம் வேற. ஒரு தெருவுக்குப் பெயின்ட் அடித்து ஊரோட தலைவிதியை மாற்ற முடியாது, சரி. ஆனா முதல் நாளே கணக்கெடுத்து வைத்ததால்தான் அவங்களால இவ்வளவாவது சொல்ல முடிஞ்சது. நம்ம ஊரில் பெரும்பாலும் ரிப்பன் வெட்டின பிறகுதான் மதிப்பீட்டுக்கு ஆள் தேடுகிறோம்.

சரி, என்னை மதிப்பீடு செய்யச் சொன்னால் எதைப் பார்ப்பேன்?

முதலில், பணம் வாங்காத பக்கத்து வீடு. மாதிரித் தெரு என்பதன் அர்த்தமே அதுதானே. இதைப் பார்த்து இன்னொருத்தர் தன் சொந்தக் காசில் தாழ்வாரத்தைத் திருப்பிக் கட்டினால், அது திட்டத்தோட உண்மையான வெற்றி. எந்த அறிக்கையிலும் அந்த வீடு இருக்காது, ஏன்னா அதுக்கு ஃபைல் நம்பர் கிடையாது.

அடுத்தது கொத்தனார். இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். சுண்ணாம்பு வேலை அவசரத்துக்கு ஆகாது. சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, பதம் பார்த்துப் பூச வேண்டும். பழைய செங்கல் சுவர் ஈரத்தை உள்ளே இழுக்கும், வெளியேயும் விடும். சுண்ணாம்புப் பூச்சு அதுக்கு வழி விடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு சுவர் உதிர ஆரம்பிக்கும். ஒரு நிதித் திட்டம் இந்தக் கைவேலைக்கு நாலு வருஷம் கூலி கொடுக்கிறது. திட்டம் முடிந்து ஐந்தாவது வருஷம் அந்தக் கொத்தனாரை யாராவது சுண்ணாம்பு வேலைக்குக் கூப்பிடுகிறார்களா, இல்லை அவரும் சிமென்ட் மூட்டைக்குத் திரும்பிட்டாரா? ஒரு போன் காலில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்.

அப்புறம், ராத்திரி அந்த வீட்டில் யார் தூங்குகிறார்கள்? முகப்பு அழகானால் வாடகை ஏறும். குடியிருந்த குடும்பம் போய், வீடு ஹோட்டலாகவோ கஃபேயாகவோ மாறலாம். அதை நான் கெட்டது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். பல வீடுகள் இன்னைக்கு நிற்பதே அந்த வருமானத்தால்தான். நானும் அங்கதான் காபி குடிக்கிறேன். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி எங்கே போனார் என்பதும் கணக்கில் வரணும் இல்லையா?

பணம் வரும் நேரமும் ஒரு விஷயம். கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், பழைய நகர மண்டபம், 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பல வருஷம் பாழடைந்து கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி உதவியோட, சுமார் 15 கோடி ரூபாயில், பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அறிக்கையில் அது "ஒரு பாரம்பரியக் கட்டடம்" என்று வரவில் விழும். என் நோட்டில் நான் இரண்டு வரி எழுதுவேன்: பழையது ஒன்று போனது, புதியது ஒன்று வந்தது. விழுவதற்கு முன்பே கூரையில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ள எவ்வளவு ஆகியிருக்கும் என்று மூணாவது வரியும் சேர்ப்பேன். மராமத்துக்கு ரிப்பன் கிடையாது. அதனால அதுக்குப் பணம் ஒதுக்குவதில் யாருக்கும் ஆர்வம் இல்ல.

நாளைக்கே ஒரு புது நிதி வருதுன்னு வச்சுக்கங்க. வாங்கினவங்க பட்டியலை விட, விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவங்க பட்டியலைத்தான் நான் முதலில் கேட்பேன். அதைப் பத்திரமா வைக்கச் சொல்லுவேன். அஞ்சு வருஷம் கழிச்சு நான் தட்டப் போற முதல் கதவு அதில் இருக்கிற கதவுதான், அது அப்போ இருந்தால்.

புதுச்சேரியில் இருந்து கேட்கிறவங்க யாராவது, உங்க தெருவில் யார் உதவியும் இல்லாம தாழ்வாரத்தை மட்டும் விடாமல் காப்பாத்துற வீடு இருந்தா எழுதி அனுப்புங்க. முடிஞ்சா அந்தக் கொத்தனார் போன் நம்பரையும், அவர்கிட்ட கேட்டுட்டு.