விதை தராத புலி லில்லி

காட்டு லில்லிகளின் உயிரணுவில் பொதுவாக 24 குரோமோசோம்கள் இருக்கும். தாய்வழி 12, தந்தைவழி 12. கிழக்காசியாவின் புலி லில்லி இந்தக் கணக்குக்கு அடங்காதது. ஆரஞ்சு இதழில் கரும்புள்ளி தெறித்த இச்செடி, ஜப்பானிலும் சீனாவிலும் பெரும்பாலும் 36 குரோமோசோம்களோடு காணப்படுகிறது. அதாவது, ஒவ்வொரு வகையிலும் மும்மூன்று. மகரந்தம் உருவாகும்போது அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து பிரிய வேண்டும். மூன்றாவது எந்தப் பக்கம் போகும்? பங்கீடு குளறுபடியாகி, விதை பிடிப்பதே அரிது.

இருந்தும் செடி தழைத்துப் பரவியிருக்கிறது. இலைக்கோணங்களில் மிளகுபோலக் கருத்த குட்டிக் கிழங்குகள் திரண்டு, உதிர்ந்து, வேர்விடுகின்றன. இனப்பெருக்கத்தைப் பொறுத்தவரை பூ ஏறக்குறைய வெறும் அலங்காரம்தான். 24 குரோமோசோம் கொண்ட, விதை தரும் புலி லில்லி, கொரியக் கடலோரத் தீவுகளிலும் ஜப்பானின் சுஷிமாவிலும் இன்றும் வளர்கிறது.