பெருந்தோட்டமும் பள்ளிக்கூடமும்: ஏஞ்சலா லிட்டிலின் ஆய்வுப் பணி

மொழி, இனம், சமயம், தொழில் ஆகியவற்றால் வேறுபட்ட சமூகங்களின் பிள்ளைகள் தத்தம் அடையாளத்தை இழக்காமலும் வாய்ப்பில் குறையாமலும் கற்பதற்கான ஏற்பாடே பல்பண்பாட்டுக் கல்வி எனப்படுகிறது. நடைமுறையில் அது பிற சமூகத்தாரின் பண்டிகைகளையும் உடைகளையும் அறிமுகப்படுத்துவதோடு நின்றுவிடுவதுண்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், நுவரெலியா, ஹட்டன் மலைகளில், அந்தக் கல்வி அதற்கும் வெகு முன்னால், பள்ளிக்கூடம் யாருடைய பொறுப்பு என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதைப் பேராசிரியர் ஏஞ்சலா லிட்டிலின் ஆய்வுகள் உணர்த்துகின்றன.

பிரித்தானியரான லிட்டில், சசெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவகத்தில் ரொனால்ட் டோர் போன்றோருடன் பணியாற்றி, 1987 முதல் லண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவகத்தில் பேராசிரியராக விளங்கியவர். கற்றல் என்பது வேலைக்கான சான்றிதழைத் தேடும் ஓட்டமாகச் சுருங்குவதை ஆராய்ந்து டோர் 1976 இல் வெளியிட்ட நூலுக்கு இலங்கையும் ஒரு களமாக இருந்தது. அந்தத் தீவின் கல்வியில் லிட்டில் கொண்ட ஈடுபாடு, 1999 இல் வெளிவந்த 'லேபரிங் டு லேர்ன்' என்ற நூலில் தோட்டத் தொழிலாளரின் கல்வியைப் பற்றிய முழுமையான ஆய்வாக விரிந்தது.

அந்நூல் கல்வியை அரசியற் பொருளாதாரமாக, அதாவது உற்பத்தி முறையும் அதிகாரப் பங்கீடும் சேர்ந்து தீர்மானிக்கும் ஒன்றாகப் பார்க்கிறது. கொழுந்து பறிக்க எழுத்தறிவு வேண்டியதில்லை. ஆகவே பெருந்தோட்டம் தன் இயல்பிலேயே கல்விக்குப் பகையானது என்பது பழைய வாதம். மலையக வரலாற்றின் முதற்பகுதி அதை மெய்ப்பிப்பதாகவே தோன்றுகிறது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. துரை எனப்பட்ட தோட்ட நிர்வாகியின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்ட ஓரறைப் பள்ளியும் ஓர் ஆசிரியருமே பல தோட்டங்களில் அதன் விளைவாயின. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும், தோட்டப் பள்ளிகள் புறத்தேயே நின்றன. இடையில் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்ததால், தம் பிள்ளைகளுக்காக வாதாட வேண்டிய வாக்குப் பலமும் பறிபோயிருந்தது. 1964 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தபோது, எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்பதையே அறியாத குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்பைத் திட்டமிடும் நிலையில் இருந்திருக்க முடியாது.

ஆயினும் பழைய வாதம் இரண்டாம் பகுதியை விளக்கவில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும் கொழுந்து பறிக்கும் வேலை மாறவில்லை. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயமும், காலையில் ஆட்களைத் திரட்டி வேலை பிரிக்கும் பெரட்டும் மாறவில்லை. இருந்தும் 1977 ஐ அடுத்த ஆண்டுகளில் பள்ளிகள் படிப்படியாக அரசின் கீழ் வந்தன. 1978 இல் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரவையில் இடம்பெற்றார். சுவீடன் நாட்டு உதவியுடன் பள்ளிகள் மேம்பட்டன. ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தேயிலைக்குத் தேவைப்படாத கல்வியை மக்களின் அரசியல் பலம் பெற்றுத் தந்தது என்பதே இதற்குப் பொருள். மலையக மக்களைக் கையேந்தி நிற்பவராகவே காட்டும் அனுதாப எழுத்துகளைவிட இந்தப் பார்வை அவர்களுக்கு மிகுந்த மதிப்பளிக்கிறது. தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காக வகுப்பை விட்ட பெண்பிள்ளைகளின் வரலாறு மட்டும், தொழிற்சங்கப் பேரத்தின் கதைக்குள் முழுதாக அடங்கிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

லிட்டிலின் பிற்காலப் பணியில் மலையகத்துக்கு மிக நெருக்கமானது பல்தரக் கற்பித்தல் பற்றியது. ஓர் ஆசிரியர் ஒரே வேளையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தரங்களின் மாணவருக்குக் கற்பிப்பதே பல்தரக் கற்பித்தல். மாணவர் தொகை குறைந்த, ஆசிரியர் பற்றாக்குறையுள்ள சிறு பள்ளிகளில் இதைத் தவிர்க்க முடிவதில்லை. ஆனால் கல்வி நிர்வாகம் இதை ஒரு தற்காலிகக் குறையாகக் கருதிப் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் தரத்துக்கோர் ஆசிரியர் என்ற கணக்கிலேயே வகுத்துவருகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து லிட்டில் பதிப்பித்த நூல் 2006 இல் வெளிவந்தது. அதில் மஞ்சுளா விதானபத்திரண, இலங்கைக் கிராமப்புறப் பள்ளிகளின் பல்தர வகுப்புக்கு ஏற்றவாறு ஆரம்பநிலைக் கணிதப் பாடத்திட்டத்தை மாற்றியமைப்பது குறித்து எழுதியுள்ளார். இரண்டு தரங்களுக்கும் பொதுவான தலைப்புகளை ஒரே வேளையில் எடுத்து, பயிற்சிகளை மட்டும் நிலைக்கேற்பப் பிரித்துக் கொடுக்கும் இத்தகைய முறைக்குப் புதுக் கட்டடமோ கூடுதல் ஆசிரியரோ தேவையில்லை. சிங்களக் கிராமத்துச் சிறு பள்ளியும் ஹட்டன் தோட்டத்துச் சிறு பள்ளியும் மொழியால் வேறுபட்டாலும் இந்த இடத்தில் ஒரே சிக்கலைச் சந்திக்கின்றன. அதற்கான தீர்வையும் இரண்டும் சேர்ந்து தேடலாம். பத்தனையில் பயிலும் ஆசிரியர்களுக்கு இம்முறை தமிழில் முறையான பாடமாகவும் வகுப்பறைப் பயிற்சியாகவும் கிடைக்க வேண்டும்.