எஞ்சின் குளிர்ந்திருப்பது நல்லதா?

(சீவலப்பேரியில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் இவ்வூரில் தண்ணீரின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. அதை இறைக்கும் ஆயில் எஞ்சினைப் பற்றி ஒன்று சொல்கிறேன். "எத்தனை மணி நேரம் ஓடினாலும் என் எஞ்சின் சூடாவதில்லை" என்று சிலர் பெருமைப்படுவதுண்டு. அது பெருமையல்ல, நட்டம்.

பம்பு இறைக்கும் தண்ணீரிலிருந்தே சிறு குழாய் வழியாக எஞ்சினுக்கும் தண்ணீர் விடுகிறோம். வால்வை முழுவதும் திறந்துவிட்டால் சிலிண்டர் சூடேறாது. குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுமையாக எரியாது. எரியாத டீசல் மசகு எண்ணெயைக் கழுவிவிடும். லைனரும் பிஸ்டன் ரிங்கும் விரைவில் தேயும்.

வெளியேறும் தண்ணீர் சுமார் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கவேண்டும். வெப்பமானி இல்லையா? வெளியேறும் குழாயை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். தொடலாம், ஆனால் கையை வைத்திருக்க முடியாது என்ற அளவே சரி. அதுவரை வால்வைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள், முழுவதும் மூடிவிடாதீர்கள். ஆவி பறந்தால் எஞ்சினை நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள். குளிர்ந்த நீரைத் திடீரென்று விட்டால் வெடிப்பு விழும்.

தொடங்கியதும் சில நிமிடம் மெதுவாக ஓட்டிப் பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். பளுவின்றி நெடுநேரம் ஓடினாலும் எஞ்சின் சூடேறாது, டீசலும் வீண்.

உள்ளே போகும் காற்று மட்டும் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு; கரும்புகை வரும். ஆகவே அறைச் சன்னலைத் திறந்து, புகைக்குழாயை வெளியே நீட்டி, காற்று வடிகட்டியைத் தவறாமல் சுத்தம் செய்யுங்கள்.

நாளைக் காலை தண்ணீர் இறைக்கும்போது அந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால், உங்கள் பணம் கரைகிறது என்று பொருள்.