வலைப்பதிவுக் கமிஷன்: வெள்ளி எங்கிருந்து வருகிறது?



"வீட்டில் இருந்தபடியே மாதம் ஐயாயிரம் வெள்ளி சம்பாதிக்கலாம்" என்ற வாசகம் ஒரு காலத்தில் விளக்குக் கம்பங்களில் ஒட்டப்பட்டிருந்தது. இன்று அதே வாசகம் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வந்து விழுகிறது. கூடவே ஒரு புதிய சொல்லும் சேர்ந்துகொண்டது. அஃபிலியேட். அதைக் கேட்டதும் சிலருக்கு ஆசை பிறக்கிறது. நேரடி விற்பனையில் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கோ பயம் பிறக்கிறது. ஆசையும் தேவையில்லை, பயமும் தேவையில்லை. கணக்கு தெரிந்தால் போதும்.

விஷயம் ஒன்றும் புதிதல்ல. பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்குக் கல்யாண வீட்டாரை அழைத்து வந்தவருக்கு முதலாளி போகும்போது கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவார். வீட்டுத் தரகரும் காப்புறுதி முகவரும் பிழைப்பது இதே வழியில்தான். இணையத்தில் ஆளுக்குப் பதில் ஓர் இணைப்பு போகிறது. வலைப்பதிவு எழுதுபவர் ஒரு பொருளைப் பற்றி எழுதி, அதை விற்கும் கடையின் இணைப்பைக் கீழே தருகிறார். அதற்குள் அவருடைய அடையாள எண் இருக்கும். வாசகர் அதை அழுத்திப் போய்ப் பொருளை வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன். பொதுவாக வாசகர் கொடுக்கும் விலை இதனால் கூடுவதில்லை. கடைக்காரர் தமது லாபத்திலிருந்து தருகிறார்.

அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டு இசைத்தட்டு விற்ற சிடிநவ் நிறுவனம் இம்முறையை நடத்தியது. 1996-இல் அமேசான் தன் புத்தகக் கடைக்காக இதைத் தொடங்கிய பிறகுதான் உலகம் முழுவதும் பரவியது. மலேசியாவில் 2007-இல் வந்த நஃப்நாங் வலைப்பதிவர்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தது. ஆனால் அது விளம்பரப் பணம். பொருள் விற்றால் மட்டுமே கிடைக்கும் கமிஷன் வேறு. லஸாடா 2012-இலும் ஷாப்பி 2015-இலும் இங்கே கடை விரித்த பின்னர்தான் உள்ளூர்ப் பொருளுக்கு உள்ளூர்க் கமிஷன் என்பது சாதாரண மக்களின் கைக்கு எட்டியது.

தமிழில் எழுதுவோருக்கு இதில் தனி முக்கியத்துவம் உண்டு. கணினியில் தமிழை ஓடவிட்டதில் மலேசியாவின் பங்கு பெரியது. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்நாட்டுக்காரர். 2001-ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரில்தான் நடந்தது. ஆனால், எழுத வசதி கிடைத்ததும் எழுத்துக்குக் காசு கிடைத்துவிடவில்லை. கூகுள் தனது ஆட்சென்ஸ் விளம்பரச் சேவையைத் தொடங்கியது 2003-இல். அது தமிழ்ப் பக்கங்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். பதினைந்து ஆண்டுகள்! அவ்வளவு காலமும் தமிழில் சமையலும் மருத்துவமும் ஆன்மிகமும் எழுதிக் குவித்தவர்கள் பெரும்பாலும் சும்மாதான் எழுதினார்கள். உள்ளூர்க் கடையின் கமிஷன் இணைப்புக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. பொருள் விற்றதா என்பதே அதற்குக் கணக்கு.

இப்போது கணக்குக்கு வருவோம். கிள்ளானில் ஓர் இல்லத்தரசி தமிழில் சமையலறைப் பொருள்களைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவு அரைக்கும் கிரைண்டர் ஒன்றின் விலை 600 வெள்ளி, கமிஷன் 4 விழுக்காடு. ஒன்று விற்றால் 24 வெள்ளி. மாதத்தில் ஆயிரம் பேர் கட்டுரையைப் படிக்கிறார்கள், ஐம்பது பேர் இணைப்பை அழுத்துகிறார்கள், இரண்டு பேர் வாங்குகிறார்கள். ஆக 48 வெள்ளி. இணைய முகவரிக்கும் இடவாடகைக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது குடும்பத்தோடு ஒரு நாள் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் காணும். இவை உதாரண எண்கள்தாம். ஆனால் ஐயாயிரம் வெள்ளி விளம்பரம் போடுபவர்கள் இந்தப் பெருக்கல் கணக்கை ஒருபோதும் போட்டுக் காட்டுவதில்லை.

அந்த 48 வெள்ளியும் உடனே வராது. வாடிக்கையாளர் பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷன் ரத்து. எனவே திருப்பி அனுப்பும் காலம் முடியும்வரை கடை பணத்தை விடுவிக்காது. தீபாவளிக்காக வாங்கிய சேலையின் கமிஷன் கைக்கு வரும்போது முறுக்கு டின் காலியாகியிருக்கும். காலக்கெடுவும் உண்டு. அமேசானில் பொதுவாக இணைப்பை அழுத்திய 24 மணி நேரத்துக்குள் பொருள் கூடையில் விழ வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் 180 நாள்களில் குறைந்தது மூன்று விற்பனை காட்டாவிட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள். ஒரு கடையின் இணைப்பை அழுத்திய வாசகர், பிறகு அதே கடைக்கு வேறொருவரின் இணைப்பு வழியாகப் போய் வாங்கினால், பெரும்பாலும் கடைசி இணைப்புக்காரருக்கே பணம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாசகர் கட்டுரையை முழுவதும் படிப்பார், படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொள்வார், நேராக ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போவார். "அண்ணே, இந்த மாடல் இருக்கா? இணையத்துல இவ்வளவு போட்டிருக்கான், நீங்க எவ்வளவுக்குத் தருவீங்க?" என்று பேரம் பேசி வாங்கிவிடுவார். பொருளை விற்றுக் கொடுத்தது கட்டுரை. எழுதியவருக்கு ஒரு காசும் இல்லை. இதற்கு வழி பழைய வழிதான். அந்தக் கடைக்காரரிடமே நேரில் பேசி, பதிவில் ஒரு குறிச்சொல்லைக் கொடுத்து, அதைச் சொல்லி வாங்குபவருக்கு ஐந்து வெள்ளி கழிவு, எழுதியவருக்கு ஐந்து வெள்ளி என்று பேசிக்கொள்ளலாம். இணைய நிறுவனத்தை நம்பியிருப்பதைவிடச் சிறு பக்கங்களுக்கு இது எளிது. என்ன, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆயிரம் பேரில் அந்த இரண்டு பேர் ஏன் வாங்கினார்கள் என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். கடையின் பக்கத்தில் இல்லாத ஒன்று கட்டுரையில் இருந்திருக்க வேண்டும். இந்தியாவுக்காகச் செய்யப்பட்ட கிரைண்டரில் உருண்டைக் கால் பிளக் வரும். மலேசியச் சுவரில் இருப்பது மூன்று சதுரக் கால் துளை. அமெரிக்க இணையக் கடையில் கிடைப்பது அந்நாட்டு 110 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கலாம். அதை இங்கே அப்படியே செருகினால் மோட்டார் புகைந்துவிடும். சிரிம் முத்திரை இருக்கிறதா? பெல்ட் அறுந்தால் உள்ளூரில் கிடைக்குமா? கல் வைத்த கிரைண்டரைத் தூக்கிக் கழுவ வயதான அம்மாவால் முடியுமா? மின்தூக்கி பழுதான அடுக்குமாடியில் ஐந்தாம் மாடிக்கு யார் தூக்கிச் செல்வது? இவற்றை எழுதத் தெரிந்தவர் பொருளை வாங்கி அரைத்துப் பார்த்தவர் மட்டுமே. அமெரிக்கப் பதிவைத் தமிழில் பெயர்த்துப் போடுபவர் 110 வோல்ட்டில் மாட்டிக்கொள்வார், வாசகரையும் மாட்டிவிடுவார்.

பொருளைச் சோதித்து எழுதிப் பெரிய அளவில் வென்றவர்களும் உண்டு. பிரையன் லாம் 2011-இல் தொடங்கிய ஒயர்கட்டர் என்ற தளம் இந்தக் கமிஷனையே முக்கிய வருமானமாகக் கொண்டது. அதை 2016-இல் நியூயார்க் டைம்ஸ் சுமார் 3 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. ஆங்கிலத்தில், அமெரிக்கச் சந்தையில் நடந்தது அது. கிள்ளானின் தமிழ்ப் பதிவுக்கு அதை அளவுகோலாக வைப்பது நியாயமில்லை.

தமிழ்ப் பதிவின் வாசகர் கூட்டம் சிறியது. அக்கா, அத்தை, பழைய பள்ளித் தோழி, கோவிலில் பார்ப்பவர் என்று பாதிப் பேர் முகம் தெரிந்தவர்கள். அவர்கள் எழுத்தை நம்புகிறார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் கமிஷன் எல்லாப் பொருளுக்கும் ஒன்றல்ல. கிரைண்டருக்கும் தொலைபேசிக்கும் குறைவாகத் தருவார்கள். உடல் இளைக்கும் தூள், முடி வளரும் எண்ணெய், இனிப்பு நீரைக் குறைக்கும் கஷாயம் போன்றவற்றுக்குத் தாராளமாகத் தருவார்கள். விற்பதற்குக் கடினமான பொருளுக்குத்தான் கமிஷன் அதிகம் என்பது சந்தையில் எல்லோரும் அறிந்ததே. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்ற நிலையை நெருங்கும் சமூகம். அவர்களிடம் ஒரு பொட்டலத்தைக் காட்டி "இதைக் குடித்தால் மாத்திரையே வேண்டாம்" என்று எழுதினால் இணைப்பை அழுத்தாமல் இருப்பார்களா? அழுத்துவார்கள். மாத்திரையையும் நிறுத்துவார்கள்.

சட்டம் இதை ஏற்கெனவே தடுத்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு உள்ளிட்ட சில நோய்களுக்கு மருந்து இருப்பதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. மற்ற மருந்து விளம்பரங்களுக்கும் முன்அனுமதி வேண்டும். பாரம்பரிய மருந்தாக இருந்தாலும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் பொட்டலத்தில் இருக்க வேண்டும். கமிஷனுக்காகப் பதிவில் எழுதுவதும் விளம்பரமே.

கமிஷன் வருகிறது என்பதை வாசகரிடம் சொல்லிவிடுவது இன்னொரு கடமை. "கீழே உள்ள இணைப்பு வழியாக வாங்கினால் இந்தப் பதிவருக்குக் கமிஷன் கிடைக்கும்" என்று கட்டுரையின் தலையிலேயே ஒரு வரி போதும். அமேசான் இதைத் தன் ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்கியிருக்கிறது. மலேசியாவில் 2022-இல் வெளியான உள்ளடக்க நெறிமுறையும், பணம் பெற்றுப் பேசுபவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இப்படிச் சொன்னால் ஆள் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பின்னால் தெரியவரும்போது போகிறவர்கள்தான் அதிகம், அவர்கள் திரும்பி வருவதுமில்லை.

கடையை மட்டும் நம்பியிருப்பதன் கதையையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18 முதல் நாடு நடமாட்டக் கட்டுப்பாட்டில் இருந்தது. வீட்டிலேயே முடங்கி, புதிய வருமானம் தேடியவர்கள் பலர். அடுத்த மாதமே, ஏப்ரல் 21 முதல், அமேசான் வீட்டுத் தளவாடங்களுக்கு 8 விழுக்காடாக இருந்த கமிஷனை 3 ஆகவும், மளிகைக்கு 5 ஆக இருந்ததை 1 ஆகவும் குறைத்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே ஒரு வாரம்தான். பல ஆண்டு உழைப்பில் எழுதிய கட்டுரைகளின் வருமானம் ஒரே வாரத்தில் பாதிக்கும் கீழே போனது. யாரிடம் போய் முறையிடுவது? இப்போது தேடுபொறியிலேயே செயற்கை நுண்ணறிவு பதிலைச் சுருக்கிக் கொடுத்துவிடுவதால் கட்டுரை வரைக்கும் வராதவர்களும் பெருகிவிட்டார்கள். ஒரு கடையை மட்டும், ஒரு தேடுபொறியை மட்டும் நம்பக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலை, அவர்களின் சம்மதத்தோடு, கையில் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் தெம்பு உண்டு.

தொடக்கத்தில் சொன்ன வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். பிரபல இணையக் கடையின் பெயரைச் சொல்லி, "அஃபிலியேட் வேலை, பொருளுக்கு லைக் போட்டால் போதும்" என்பார்கள். முதல் நாள் இருபது வெள்ளி நிஜமாகவே வங்கிக்கு வரும். மூன்றாம் நாள், "பெரிய வேலைக்கு முன்பணம் கட்டுங்கள்" என்பார்கள். அங்கே நிற்க வேண்டும். உண்மையான கடை கமிஷன் தருவதற்கு முன்பணம் கேட்காது. பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்கு அதிகப் பணம் தரும் திட்டமும் அஃபிலியேட் அல்ல. பிரமிட் திட்டங்களை 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனை, பிரமிட் எதிர்ப்புச் சட்டம் தடைசெய்கிறது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 997 எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் வேறு வேறு கணக்குகளுக்கு மாறிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் தாண்டி ஒழுங்காகச் செய்ய நினைப்பவர் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. தொடர்ந்து வியாபாரமாக நடத்தினால் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. பகலில் சம்பளத்துக்கு வேலை பார்த்து இரவில் பதிவு எழுதுபவராக இருந்தாலும், வியாபார வருமானம் இருந்தால் வருமான வரிக்கு பி.இ. பாரம் அல்ல, பி பாரம். அதற்குக் கடைசி நாள் ஜூன் 30. இணையக் கட்டணம், இடவாடகை, சோதித்துப் பார்க்க வாங்கிய பொருள் ஆகியவற்றின் ரசீதுகளை ஏழு ஆண்டுகளுக்குப் பத்திரப்படுத்த வேண்டும். கிரைண்டரின் ரசீதையும் சேர்த்துத்தான்.