தொட்டி மணலும் கடல் அட்டையும்

இன்னைக்கு எபிசோட் மணலைப் பத்தி. ஆத்து மணல் இல்ல, என் ரூம்ல ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்ள கிடக்கிற பவள மணல்.

நான் ஆரணிக்காரன்னு உங்களுக்குத் தெரியும். முன்கூடத்துல அப்பாவோட பட்டுத் தறி. பின் ரூம்ல என் லேப்டாப், அது பக்கத்துல மூணடி நீளத்துல உப்புத் தண்ணித் தொட்டி. உள்ள பண்ணையில பொரிச்ச ரெண்டு கிளவுன் மீன். கடல் இல்லாத ஊர்ல கடல் வெக்கிறேன்னு தெருவே சிரிச்சுது. பரவாயில்ல.

மூணாவது வாரம் வெள்ளை மணல் முழுக்க பழுப்புப் படலம். காலையில சுரண்டி எடுப்பேன், சாயங்காலம் திரும்ப வந்துடும். பத்து நாள் இதேதான் பண்ணேன். அப்புறம்தான் உறைச்சுது. எரர் லாக்கை அழிச்சா பக் போயிடுமா? அந்தப் பழுப்பு, டயாட்டம்னு ஒரு நுண்பாசி. அது தன் ஓட்டைக் கட்டுறதே சிலிக்கால. நான் கரைச்சது எங்க வீட்டு போர் தண்ணில. பாறைக்குள்ள ஊறி வர்ற தண்ணில சிலிக்கேட் இருக்கும். ஒரு பக்கம் நானே சாப்பாடு போட்டுட்டு இன்னொரு பக்கம் நானே சுரண்டிட்டு இருந்திருக்கேன்.

ஆர்.ஓ. தண்ணிக்கு மாறினேன். லிட்டருக்கு 35 கிராம் அளவுல உப்பு வர்ற மாதிரி கரைச்சு, அடர்த்தி 1.025 இருக்கான்னு பார்த்தேன். தீனியைப் பாதியாக் குறைச்சேன். கழிவு மணல்ல உக்காராம மிதந்து ஃபில்டருக்குப் போகணும்னு ஒரு வேவ்மேக்கர் மாட்டினேன். சில வாரத்துல படலம் தானாவே குறைஞ்சுது.

அதோட நிறுத்தியிருக்கணும். எனக்கு இன்னும் வெள்ளையா வேணும்னு ஆசை. ஒரு ஞாயித்துக்கிழமை இரும்பு ஸ்கேலை விட்டு நாலு அங்குல மணலையும் அடிவரைக்கும் கிளறிட்டேன். கீழ இருந்து கறுப்பா ஒரு புகை மாதிரி கிளம்புச்சு, அழுகின முட்டை நாத்தம். மேல் மணல்ல ஆக்சிஜன் இருக்கும். அங்க இருக்கிற பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டா மாத்தும். ஆழத்துல ஆக்சிஜன் இருக்காது. அங்க வேற பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளிய விடும். ஆனா அதே ஆழத்துலதான் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். அது விஷம். மறுநாள் காலையில ஒரு மீன் செத்து மிதந்துச்சு.

அப்பா தறியை நிறுத்திட்டு வந்து பார்த்தார். திட்டல. "பாவுல ஒரு இழை அறுந்தா அந்த இழையை எடுத்து முடிவோம். மொத்தப் பாவையும் புடிச்சு உலுக்குவியாடா?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போய்ட்டார். அந்தக் கேள்விக்கு என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

அதுக்கப்புறம் ஒரு வியாபாரி போன்ல சொன்னார், "சார், கடல் அட்டை ஒண்ணு விடுங்க, மணலை அதுவே பார்த்துக்கும்." உண்மைதான். கடல் அட்டை மணலை விழுங்கி, அதுல ஒட்டியிருக்கிற கழிவைத் தின்னுட்டு, மணலை வெளிய விட்டுடும். ஆசையில முன்பணம் ஆயிரம் ரூபா அனுப்பிட்டேன். ராத்திரி உக்காந்து அதைப் பத்திப் படிச்சேன்.

பவளம், கடல் குதிரை, கடல் அட்டை மூணையும் 2001-லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க. பிடிக்கிறதும் விக்கிறதும் குற்றம். காரணம் நம்ம கரையிலயே இருக்கு. ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, அதைச் சுத்தி பவளப் பாறை. 1986-ல அறிவிச்ச மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அதுதான். அங்க பல வருஷமா கடல் அட்டையைப் பிடிச்சு, வேக வெச்சு, காயப்போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புனாங்க. தடைக்கு அப்புறமும் கடத்தல் நிக்கல. இத்தனைக்கும் 1988-லயே தூத்துக்குடியில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துல கடல் அட்டைக் குஞ்சு பொரிச்சுக் காட்டிட்டாங்க. தடை வந்ததுல, அதை நம்பிப் பொழச்ச மீனவர்களும் முக்குளிப்பவங்களும் வருமானத்தை இழந்தாங்க. அதையும் சொல்லியே ஆகணும்.

இன்னொண்ணு. கடல் அட்டை பயந்தாலோ செத்தாலோ உடம்புல இருந்து விஷம் விடும். சின்னத் தொட்டின்னா மீன் மொத்தமும் போயிடலாம்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் குத்துச்சு. மன்னார்ல மணலைச் சுத்தம் பண்ணிட்டு இருக்கிற ஒரு உயிரைத் தூக்கிட்டு வந்து, என் மூணடி மணலைச் சுத்தம் பண்ணச் சொல்லணுமா? வேணாம்னு சொல்லிட்டேன். ஆயிரம் ரூபா திரும்ப வரல.

இப்ப என் முறை ரொம்ப சிம்பிள். கறுத்த மணலை மொத்தமா எடுத்துட்டு, புதுசா ஒன்றரை அங்குலம் மட்டும் போட்டேன். வாரம் ஒரு தடவை சைஃபன் குழாய் வெச்சு மூணுல ஒரு பங்கு மணலை மட்டும் உறிஞ்சுறேன், அடுத்த வாரம் அடுத்த பங்கு. வெளிய வர்ற தண்ணிக்குச் சமமா புது உப்புத் தண்ணி. கழிவுத் தண்ணியைச் செடிக்கு ஊத்தாதீங்க. எங்கம்மாவோட கறிவேப்பிலை அப்படித்தான் போச்சு.

மணல் யூடியூப் வீடியோல வர்ற மாதிரி வெள்ளையா இல்ல. ஓரத்துல கொஞ்சம் பழுப்பு இருக்கு. மிச்சமிருக்கிற ஒத்தை மீன் நல்லா சாப்பிடுது. இந்த எபிசோட் ரெக்கார்ட் பண்றப்போ அப்பா தறியை நிறுத்தி வெச்சார், அவருக்கு ஒரு தேங்க்ஸ். அடுத்த வாரம் பாப்போம் மக்களே.